காருக்குக் கணப்பு, மனைவிக்குப் பனி

வாருங்கள், வாசகர்களே. வந்து இந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்.

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஜனவரி மாதத்துக் காலை ஆறு மணி. ஏரிக் காற்று எலும்பு வரை இறங்குகிறது. கணப்பு எரியும் ஷெட்டுக்குள், மஞ்சள் நிறப் பந்தயக் கார் ஒன்று ஆறு மாத உறக்கத்தில் இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் ரப்பர் மெத்தை. மேனிக்கு மென்கம்பளிப் போர்வை. பேட்டரி சோர்ந்துபோகாதிருக்க, கம்பி வழியே சொட்டுச் சொட்டாக மின்சாரம். அது உழைப்பதில்லை, ஒரு நாளும் வீட்டுக்கு ஒரு ரொட்டி வாங்கி வந்ததில்லை. ஆனால் மருத்துவமனையில் மாடாய் உழைக்கும் மார்லிஸ் அம்மையாரின் காருக்கு அங்கே இடமில்லை. அவர் ஷெட்டுக்குப் பின்னாலுள்ள சந்தில் நின்று கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிறார். கர்ர்ர். கர்ர்ர். எட்டுக் குளிர்காலமாக இதே ஒலி. இதற்குப் பெயர் இல்லறமா, கொத்தடிமைத்தனமா?

அந்த ஒலி கேட்கும்போதெல்லாம் அவருடைய கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற எல்ராய் ஹௌகன், படுக்கையில் புழுவாய்த் துடிப்பார். துடித்து எழுந்து, பான்கேக் சுட்டு, மேப்பிள் பாகு ஊற்றி, விறைத்த கையோடு உள்ளே வரும் மனைவியின் முன் தட்டை வைப்பார். குற்றவுணர்வு அவரை நல்ல சமையற்காரராக்கியிருந்தது.

சென்ற அக்டோபரில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"மார்லிஸ், நீ சுரண்டினது போதும். இந்த வருஷம் ஷெட் உனக்கு. என் காரை வாடகைக் கொட்டகையில விட்டுடறேன்."

மார்லிஸின் காபிக் கோப்பை பாதி வழியில் நின்றது. "எனக்கு எதுக்கு? நான் கேட்டேனா?"

"நீ கேக்க மாட்ட. அதான் உறுத்துது."

"உறுத்தினா உறுத்தட்டும். உன் மஞ்சள் ராணிக்கு வெளியூர்க் காத்து ஒத்துக்காது. அப்புறம் இருமும்."

பார்த்தீர்களா? விலங்கை அவிழ்க்க வந்தவரிடமே, "இருக்கட்டும்" என்கிறாள் அடிமை.

"அப்படியே ஷெட்டுக்குப் பின்னால சாஞ்சிருக்கிற பழைய ஜன்னலையும் குப்பையில போட்டுடறேன்," என்றார் எல்ராய்.

"அதுல கை வச்சே, கையை ஒடிப்பேன். தக்காளி நாத்துக்கு மூட வேணும்."

மார்லிஸ் தக்காளி பயிரிட்டு அவர் பார்த்ததே இல்லை. விடுதலை நாளில் வாக்குவாதம் வேண்டாமென்று விட்டுவிட்டார்.

மாவட்டக் கண்காட்சித் திடலில், ஆகஸ்டில் பரிசு மாடுகள் நிற்கும் கொட்டகை, குளிர்காலத்தில் ஊரார் வாகனங்களுக்கு வாடகைக்குப் போகும். எல்ராய் ஆர்வத்தில் முதல் ஆளாகப் போனார். எனவே அவருடைய கார் கோடிச் சுவரோரம் நின்றது. அதற்கு முன்னால் சக்கர வண்டியில் ஏற்றிய படகுகள், கூடார வண்டிகள், மீண்டும் படகுகள்.

"ஏப்ரல் மூணாவது சனிக்கிழமைதான் இனிக் கதவு," என்றார் காவலர் வெண்டல். "நடுவுல உன் பொண்டாட்டியே உள்ள மாட்டிக்கிட்டாலும் தொறக்க மாட்டேன்."

வீட்டில் மார்லிஸின் கார் ஷெட்டில் ஏறியது. எல்ராய் எட்டு மணி வரை உறங்கினார். அவருடைய மனச்சாட்சியும் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டது. மார்லிஸ் குளிர்ந்த பாலில் சோளச் சீவலை ஊறவைத்துத் தின்றாள்.

"பான்கேக் சுடுற கல்லு தொலஞ்சு போச்சா, எல்ராய்?"

"இப்பதான் நீ சுரண்ட வேண்டியதில்லையே."

"ஆமாமா. ரொம்ப சொகமா இருக்கு," என்று அவள் ஊறிப்போன சீவலைக் கரண்டியால் குத்தினாள்.

மூன்றாம் வாரம், பறவைகளுக்குத் தீனி வைக்கப் போனார் எல்ராய். தீனி எங்கே? கொட்டகைக்குப் போகும் வழியில் வாங்கி, இறக்க மறந்த பத்துக் கிலோ சூரியகாந்தி விதை மூட்டை, மஞ்சள் காரின் பின்பெட்டியில். மாட்டுக் கொட்டகையில். சுண்டெலிகளின் தலைநகரில்.

வெண்டலிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்து, ஒன்பது படகுகளுக்கு அடியில் தவழ்ந்தார். பின்பெட்டியைத் திறந்தபோது, மூட்டையின் ஒரு மூலையில் சிறு துளை. துளைக்குள் சிறு முகம். பதறிப்போய் மூட்டையை உருவினார். அது அடிவரை கிழிந்தது. பத்துக் கிலோ விதையும் கொட்டகை எங்கும் உருண்டோடியது.

"எல்ராய்," என்றார் வெண்டல் நிதானமாக, "இங்க நாப்பது பேரோட வண்டி நிக்குது. இந்த மாவட்டத்து எலிக்கெல்லாம் நீ கல்யாண விருந்து வச்சிருக்க."

"கூட்டிடறேன்."

"கூட்டு. கூட்டிட்டு உன் காரையும் எடுத்துட்டுக் கெளம்பு."

படகுகளையும் கூடார வண்டிகளையும் தள்ளிக் காரை வாசலுக்குக் கொண்டுவர மாலையாகிவிட்டது. வெளியே முதல் பனி. சாலையெங்கும் பனி உருக வெள்ளை வெளேரென்று உப்பு தூவியிருந்தார்கள். உப்பில் ஒரு மைல் ஓடினால் அந்த மஞ்சள் மேனியில் துரு ஏறும். எல்ராய் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செய்தி கேட்ட மார்லிஸ், அவர் கேட்காமலேயே, காரை முதுகில் சுமந்து வரும் லாரியைப் பத்து நிமிடத்தில் ஏற்பாடு செய்தாள். லாரி வீட்டு வாசலில் வந்து நின்றதுமே தன் காரை ஷெட்டிலிருந்து எடுத்துவிட்டாள். எடுக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்ததாக எல்ராய்க்குத் தோன்றியது.

"என்னை மன்னிச்சிடு, மார்லிஸ். மறுபடியும் உன்னை வெளியில தள்ளிட்டேன்."

"பரவால்ல விடு. எனக்குப் பழகிப்போச்சு," என்றாள் அந்தத் தியாகச் செம்மல்.

மறுநாள் காலை ஆறு மணி. கர்ர்ர். எல்ராய் படுக்கையிலிருந்து துள்ளியெழுந்தார். பான்கேக்கோடு கழியும் பாவமா இது? நாளை முதல் அந்தப் பனியைத் தன் கையாலேயே சுரண்டுவதென்று சபதமேற்றார்.

அடுத்த நாள் ஐந்தரை மணிக்கே, மார்லிஸ் விழிக்குமுன், புதுச் சுரண்டியோடு சந்துக்குப் போனார்.

கார் இல்லை. சக்கரத் தடம்கூட இல்லை. பழைய ஜன்னல் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் கண்ணாடியில் உறைந்த பனியின் மேல், யாரோ கோலம் போட்டதுபோல் நேர்த்தியான கீறல்கள்.

பக்கத்து வீட்டு டெலோரஸ் தன் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தாள்.

"போலீஸைக் கூப்பிடு, டெலோரஸ். மார்லிஸோட காரை எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான்."

டெலோரஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எவன் அடிச்சான்? எட்டு வருஷமா குளிர்காலம் பூரா அது என் ஷெட்லதானே நிக்குது. தெனமும் அந்த ஜன்னலைச் சுரண்டினாத்தான் நீ எழுந்து பான்கேக் சுடுறியாம்."

எல்ராய் ஓசைப்படாமல் வீடு திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆறு மணிக்குச் சந்தில் ஒலி எழுந்தது. கர்ர்ர். கர்ர்ர். அவர் புன்னகையோடு எழுந்து கல்லைக் காயவைத்து, மாவில் இன்று இரண்டு கை புளூபெர்ரிப் பழத்தையும் அள்ளிப் போட்டார்.

சாட்சிகளே, உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. எல்ராய்க்குத் தெரிந்துவிட்டது என்பதை மார்லிஸிடம் எவரும் மூச்சுவிடாதீர்கள்.