மையில் தெரிந்த நீலச் சாரம்

நீர்வேலி வாழைத்தோட்டத்துக்கு நடுவே பரமலிங்கம் மை பார்க்கத் தொடங்கி மூன்று மாதத்துக்குள், தோட்டத்துக்குப் போகும் ஒழுங்கையில் சைக்கிள் விட இடமில்லாமற் போயிற்று. அதற்கு முன் அவர் சந்தையில் வாழைக்குலை விற்றவர். குலை எப்போது பழுக்கும் என்று அவர் சொன்னது ஒருநாளும் சரிவந்ததில்லை. போர் நடந்த தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், காணாமற் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வெற்றிலையில் கறுப்பு மை பூசி உற்றுப் பார்ப்பார். வந்தவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மை கலங்கிவிடுமாம். பேச வேண்டியதை எல்லாரும் வாசற் படலையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அங்கே அவருடைய மனைவி நாகேஸ்வரி சைக்கிள்களுக்குக் காவல்.

"ஐயோ பாவம், ஆரைத் துலைச்சனியள்?" என்று கேட்டு, கூடச் சேர்ந்து அழுது, அடையாளத்துக்குச் சைக்கிளில் ஒரு வாழைநாரைக் கட்டி, கையில் இன்னொரு நாரைத் தருவாள். அதை மைத் தட்டில் வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் காணிக்கை மண்ணெண்ணெய். தெய்வமும் இருட்டில் இருக்க முடியாதல்லவா?

மானிப்பாய் நல்லம்மாவின் மகன் வவுனியாவுக்கென்று போய் ஐந்து மாதம். கடிதம் இல்லை. போன கிழமை பரமலிங்கத்தின் மையில் தெரிந்தான்.

"தகரக் கொட்டில். இடுப்பிலை நீலச் சாரம். 'அம்மா' எண்டு அழுகிறான். நேரை போய்க் கூட்டிக்கொண்டு வா."

வவுனியாவுக்குப் போக இருந்த ஒரே வழியான கிளாலிக் கடலில் கடற்படை சுட்டுக்கொண்டிருந்தது. படகேறியவர்கள் எல்லாரும் கரை சேரவில்லை. இந்தக் கிழமை ஒருநாள் நல்லம்மா பின்னேரம் படகேறப் பையைக் கட்டிவிட்டாள். போகுமுன் ஒரு காப்புநூல் வாங்க வந்தாள். தங்கை குணலட்சுமியும் பக்கத்து வீட்டு இராசநாயகம் மாஸ்ரரும் கூட வந்தார்கள்.

"கடவுளே இல்லை, பிள்ளை. பிறகென்ன மை?" என்றார் மாஸ்ரர்.

"வாயைப் பொத்துங்கோ மாஸ்ரர். உங்களைப் போல ஆக்களாலைதான் நாட்டுக்கு இந்தக் கெதி," என்றாள் நல்லம்மா.

"குணம், நீ சொல்லு. இருக்கிறாரோ, இல்லையோ?"

"எனக்குத் தெரியாது, மாஸ்ரர்."

இருவரும் சேர்ந்து அவளை ஏசினார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வரிசையில் நின்ற குணலட்சுமி மற்றவர்களின் கைகளைப் பார்த்தாள். ஆளைத் தொலைத்தவர்களின் நாரில் இரண்டு முடிச்சு. தண்ணீர் இறைக்கும் மெசினைத் தொலைத்தவரின் நாரில் ஒன்று. படலைக்கு, நாகேஸ்வரியிடம் திரும்பிப் போனாள்.

"அக்கா, எங்கடை ஆட்டையும் காணேல்லை. ஐயாவைக் கேக்கலாமோ?"

ஒரு முடிச்சு நார் கிடைத்தது. வாழைக்குப் பின்னால் நின்று இன்னொரு முடிச்சைத் தானே போட்டுக்கொண்டாள்.

பரமலிங்கம் நாரை விரலால் தடவினார். மையைப் பார்த்தார். கண் கலங்கியது.

"ஆள் உயிரோடை இருக்கிறான். தகரக் கொட்டில். நீலச் சாரம். 'அம்மா' எண்டு அழுகிறான்."

"சாரம் கட்டாது, ஐயா," என்றாள் குணலட்சுமி. "நான் கேட்டது ஆடு."

"வாய் திறந்திட்டாய்! மை கலங்கிப் போச்சு!"

"பொறுங்கோ," என்று எழும்பினாள் செபமாலையும் கையுமாக இருந்த குருநகர் லூர்த்தம்மா. "என்ரை மனுசனும் மையிலை நீலச் சாரத்தோடையெல்லோ நிண்டவர்?"

"என்ரை தம்பியும்!"

ஒரே சாரத்துக்குள் பதினொரு பேரும் ஓர் ஆடும் நிற்பது அப்போதுதான் தெரியவந்தது. குணலட்சுமி முடிச்சுக்களைக் காட்டினாள். சனம் தன் தன் நாரைப் பார்த்து நிமிர்ந்தபோது பரமலிங்கம் வாழைகளுக்குள் போய்விட்டார். அவர் எங்கே இருக்கிறார் என்று மை பார்த்துச் சொல்ல ஆளில்லை.

"பாத்தியளே! கடவுள் இல்லை!" என்று மாஸ்ரர் கை தட்டினார்.

"பரமலிங்கம் பொய்யன் எண்டதுதான் தெரிஞ்சது, மாஸ்ரர்," என்றாள் குணலட்சுமி.

நல்லம்மா பையை மடியில் வைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அப்ப என்ரை பிள்ளை உயிரோடை இல்லையோ?"

"தெரியாது, அக்கா. உவருக்கும் தெரியாது. தெரியாமல் கடலிலை இறங்காதை. முதல் செஞ்சிலுவைக்காரரிட்டைப் பேரைப் பதிவம்."

நல்லம்மா நெடுநேரம் அழுதாள். பிறகு எழுந்து யாழ்ப்பாணப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள்.

தெரியாது என்று சொல்கிறவரிடம் யாரும் காணிக்கையோடு போவதில்லை. தெரியும் என்கிறவரிடம் விடிய எழும்பிப் போய் வரிசையில் நிற்கிறோம். நிற்கிற நேரத்திலாவது கொஞ்சம் யோசிக்கலாம். அதற்கு மண்ணெண்ணெய் தேவையில்லை.