வெளிச்சம் வேண்டாத தொட்டி

என் மைத்துனரை வீட்டுக்குள் விடக்கூடாது என்று நான் சபதம் எடுத்தது, புது ஹார்பர் திறந்த வருசம் ஜூன் மாதத்தில். வாசலில் நின்று மறிக்கும் தைரியம் எனக்குக் கிடையாது. அதனால் ஒரு மீன்தொட்டி வாங்கினேன்.

மைத்துனர் ஜீவமணி சாத்தான்குளத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார். பல்செட் கட்ட ஒரு மாசம் வந்து தங்கப்போகிறார் என்று என் மனைவி கிருபை சொன்னாள். எங்கள் வீட்டில் கட்டில் போட நடு அறை ஒன்றுதான் உண்டு; நாங்கள் படுப்பதும் அங்கேதான், விருந்தாளி படுப்பதும் அங்கேதான். ஜன்னல் இல்லாத அறை, பட்டப்பகலிலேயே இருட்டு. மிச்ச இடத்தைத் தொட்டியால் அடைத்துவிட்டால்?

கப்பல் ஏஜென்சி ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரன் மனுவேல் வழி சொன்னான்.

"இருட்டுல வளர்ற செடியாப் பாத்து நடு. அடியில ஆத்து மண்ணு, மேல மணலு, நாலஞ்சு சின்ன மீனு. பிறகு கையே வைக்காண்டாம். வேலையே வைக்காது."

ஏரல் பக்கம் ஆற்றில் இறங்கி, மண்ணும் செடியும் மீனுமாக அள்ளிக்கொண்டு வந்தேன். கிருபை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அது?"

"பாசி."

"கல்யாணமானதுல இருந்து கழுத்துக்கு ஒரு பாசி கேட்டேன். இப்பத்தான் கொண்டாந்தீங்களாக்கும்."

நான் சிரிக்கவில்லை. விஞ்ஞானி போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஏளா, தண்ணி ஊத்திட்டா தொட்டிய நகட்டக்கூடாது. இந்த அறையில லைட்டு ஆகாது. நம்மளத் தவிர வேற ஆள் படுக்கவே கூடாது. சத்தம் கேட்டா மீனு பயந்து செத்துரும்."

"அப்போ அண்ணன் எங்கன படுப்பாவ?"

"அதான் எனக்கும் வருத்தமா இருக்கு. பக்கத்துல லாட்ஜ் பாப்பமா?"

"மதினி தவறிப் போனதுல இருந்து ஒத்தையில கெடக்காவ" என்றாள் மெதுவாக. பிறகு ஏதோ யோசித்துவிட்டு, "குறட்டையும் சத்தம்தான?" என்று கேட்டாள்.

"பின்னே? பெரிய சத்தம்!" என்றேன், அண்ணனின் குறட்டையைச் சொல்லுகிறாள் என்று நம்பி.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் என் பாயும் தலையணையும் வராந்தாவில் கிடந்தன. தொட்டியைப் பார்த்தாற்போல் திருப்பிப் போட்ட என் கட்டிலில் புது விரிப்பு.

"என்னளா இது?"

"அண்ணன் சத்தமில்லாமத் தூங்குவாவ. நீங்க குறட்டை விட்டா தெருவே எந்திரிக்கும். மீனு செத்துரும்லா? நான் அடுப்படியில படுத்துக்கிடுதேன்."

நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அண்ணனைக் கூட்டி வந்துவிட்டாள்.

ஜீவமணி பாதியாக இளைத்திருந்தார். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, வழியெல்லாம் தங்கச்சி உங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு வந்தா."

இன்னொரு கையால் அவர் பையை வாங்கிக்கொண்டேன்.

"வீட்டுக்காரி போன பிறகு எனக்குத் தூக்கமே இல்ல மாப்ள. நான் பாத்துக்கிட்டே படுக்கணும்னு இந்தத் தொட்டிய வச்சீங்களாமே. கட்டிலையும் விட்டுக்குடுத்திட்டீங்களாமே."

பொக்கை வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற கிருபை என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அவர் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். செடிக்குள் நுழைந்த ஒரு மீன் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. மனுசன் குழந்தை மாதிரி சிரித்தார். இவரையா லாட்ஜுக்கு அனுப்பப் பார்த்தேன்? அந்த ஆற்று மண்ணுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். மைத்துனரே ஜெபித்தார்.

"ஆண்டவரே, தன் படுக்கையை எனக்குத் தந்த இந்த மகனுக்காக ஸ்தோத்திரம். பல் கட்டியதும் போய்விட நினைத்தேன். இவருடைய அன்பு என்னைத் தடுத்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடியும் மட்டும் இங்கேயே தங்கச் சித்தமானேன். எல்லாம் கிருபையால் ஆயிற்று."

அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். கிருபை இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தாள்.

"ஆமென்" என்று முனகினேன்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் அவள். "அண்ணனுக்குக் கேக்கல."