பாசிக்குக் கிடைத்த மரியாதை

ஜசிந்தாவின் கிணற்றில் வாளி விழும் சத்தத்தோடுதான் ஒரு காலத்தில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு விடிந்தது. தொப்பென்று ஓர் அடி. பிறகு தண்ணீர் நிறைகிற மெல்லிய முனகல். நெடுந்தீவில் எங்கள் பக்கத்துக்கு அது ஒன்றே நல்ல தண்ணீர். மற்றக் கிணறுகளில் உப்பு. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகும் ஜசிந்தாவை ஊரில் நிறுத்தி வைத்தது அந்தக் கிணறுதான்.

போன வருடம் ஆதியுயிர் ஆய்வு மற்றும் வேற்றுலக வரவேற்புப் பணிப்பாளர் வந்து, கிணற்றுச் சுவரில் பாசியைக் கண்டு தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, உயிர் தோன்றின காலத்துப் பரம்பரை இது. விண்கல்லிலை வந்ததாகவும் இருக்கலாம்."

"ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் முதல் நான் தேய்ச்சுக் கழுவிறனான் ஐயா."

"இனித் தேய்க்கப்படாது! வேற்றுலகத்தார் வந்தால் முதலிலை சொந்தக்காரரைத்தானே தேடுவினம்?"

நியாயமான கேள்வி. கனடாவிலிருந்து வருகிறவர்களும் அப்படித்தான்.

மேற்படி உயிரினத்தின் மன அமைதி கருதி வாளி தடைசெய்யப்பட்டது. கம்பிவேலி வந்தது. பலகை வந்தது: 'ஆதியுயிர் வாசஸ்தலம். உயிருள்ளவை உட்செல்லல் ஆகாது.'

"அப்ப நாங்கள் எதைக் குடிக்கிறது?"

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. உயிர் முன்னூறு கோடி வருசம் பொறுத்தது."

பார்க்க வருகிற பெரியவர்களுக்குக் குளியலறை வேண்டுமே. கட்டி, கிணற்றில் மோட்டர் பூட்டினார்கள். வாளி பாசியில் முட்டும். மோட்டர் முட்டாது என்பது விளக்கம்.

"மோட்டர் இழுத்தால் அடியிலை கிடக்கிற உப்பு மேலை ஏறுமே! அப்புத்துரை அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ" என்றாள் ஜசிந்தா.

அப்புத்துரை வேலியோரம் கடை போட்டிருந்தார். "சும்மா இரும் பிள்ளை. உப்புக் கரிச்சால் வாற சனம் சோடா வாங்கும்."

உப்பு ஏறும் என்பது தீவில் பிறந்த எவருக்கும் தெரியும். குளியலறைத் திறப்பு விழாவில் எல்லோரும் கை தட்டினோம்.

ஆவணியில் கிணறு கரித்தது. பாசி செத்தது. பணிப்பாளர் இரண்டு நிமிட மௌனம் அனுட்டித்தார். பதவி உயர்ந்து போனார். மேலேயிருந்து ஒருவரும் வரவில்லை. அப்புத்துரையின் சோடாவை இப்போது நாங்கள்தான் வாங்குகிறோம்.

ஜசிந்தா கடல் தாண்டி ஊர்காவற்றுறையில் மகள் வீட்டில் இருக்கிறாள்.