காந்தமும் மஞ்சள் கயிறும்

அன்புள்ள மச்சான் இளையபெருமாளுக்கு,

செஞ்சியிலிருந்து தாண்டவராயன் எழுதுவது. உன் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் சுகம். உன் அக்கா கமலாம்பாளும் சுகம், நான் அவள் புருஷன் என்பது மறந்துபோனதைத் தவிர.

புதுச்சேரியில் அவள் மறதிக்கு நீ ஏற்பாடு செய்த காந்த சிகிச்சையை நிறுத்திவிடலாம். உடனே. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

உன் அக்கா என்னோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. என்ன சண்டை என்று எனக்கு அப்போதே தெரியாது. கேட்டிருக்கலாம், ஆனால் கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே. எல்லாம் குக்கர் வழியாகத்தான். "குக்கரே, அந்த ஆளு சாப்டுவாரான்னு கேளு." நானும் குக்கருக்கே பதில் சொல்வேன். இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில், மறதி வந்த பிறகு ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்து, "வாங்கண்ணே, உக்காருங்க, எங்க வூட்டுக்காரரு வெளிய போயிருக்காரு"ன்னா பாரு, எனக்குப் பின்னால யாரோ நிக்கிறாங்கன்னு திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. உட்கார்ந்தேன். டீ, வேகவைத்த மல்லாட்டை, புதுசாய்ப் பிடுங்கிய கடலை. "இந்தக் கோட்டக் கொரங்குங்க உங்க வூட்டுக்கும் வருதாண்ணே?" என்றாள். வருது என்றேன். அன்றிலிருந்து தினமும் நான் விருந்தாளி. அவள் பேசுகிறாள், மச்சான். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். "நல்ல மனுசன்தாண்ணே. ஆனா வாயத் தொறக்க மாட்டாரு. நானே மொதல்ல பேசட்டும்னு உக்காந்துக்கினு இருப்பாரு." புருஷனுக்கென்று ஒரு கிண்ணம் மல்லாட்டையை மூடி வைப்பாள். அவள் குளிக்கப் போனதும் அதையும் நானே தின்பேன்.

இந்த நேரத்தில்தான் உன் காந்தம். முதல் நாளே, மிஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் ஜெயஸ்ரீ, கிட்டத்தில் உலோகம் எதுவும் கூடாது என்றாள். கம்மல் கழன்றது, மூக்குத்தி கழன்றது, கொண்டை ஊசி கழன்றது. தாலிச் சங்கிலி மட்டும் வரவில்லை. "எங்க வூட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப இன்னாத்துக்குக் கழட்டணும்? நீங்களே நாயம் சொல்லுங்கண்ணே"ன்னு என்னையே கேக்குறா. மஞ்சள் கயிறு மாத்திக்கலாம்மா என்றாள் ஜெயஸ்ரீ. சரியாம். ஆனா அவரு வந்துதான் கட்டணுமாம். ஜெயஸ்ரீ என் காதில், "சார், வெளிய போய்ட்டு உள்ள வாங்க" என்றாள். போனேன். தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றேன். வந்தேன். "இன்னாண்ணே, அவரு வரலியா?" மறுபடி போய், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தேன். தலையைச் சீவிக்கொண்டு வந்தேன். "பாவம், எத்தினி தபா அலையிறீங்க." கடைசியில் ஜெயஸ்ரீதான் கயிற்றைக் கட்டி, சங்கிலியை என் கையில் கொடுத்தாள். தலைமேல் காந்தச் சுருளை வைத்ததும் டக் டக்கென்று சத்தம், யாரோ கதவைத் தட்டுவது போல. "யாருன்னு பாருங்கண்ணே, அவராத்தான் இருக்கும்."

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்காரப் போனேன். "லேடீஸ் சீட்டுண்ணே" என்றாள். செஞ்சி வரை நின்றுகொண்டு வந்தேன், சட்டைப் பையில் அவள் தாலியோடு. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது ஒரு சுற்று முடிந்திருக்கிறது. டாக்டர் உறுதி எதுவும் சொல்லவில்லை. சிலருக்குக் கொஞ்சம் தெளியலாம் என்றார். என் பயம் அந்தக் கொஞ்சத்தில்தான். நேற்று டீயைக் கொடுத்தவள் பாதிப் பேச்சில் என்னை உற்றுப் பார்த்தாள். நிறுத்தினாள். குக்கர் பக்கம் திரும்பினாள். பிறகு, "உக்காருங்கண்ணே." தப்பித்தேன்.

இன்னும் கொஞ்சம் காந்தம் வைத்தால் நான் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தால் பேச மாட்டாள். இந்த வீட்டில் என்னோடு பேச வேறு யாரும் இல்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் அக்காவும் உன்னை விசாரித்ததாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டு விருந்தாளி,
தாண்டவராயன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடு. கவரை ஒட்டும்போது சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "குக்கரே, என் தாலி அந்த ஆளு பையிலதான் இருக்குது. எடுத்தாரச் சொல்லு." எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கழுத்தை மட்டும் கொடுத்தாள். கொக்கி மாட்ட என் விரலுக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் அசையவில்லை. அடுத்த சுற்றுக்குத் தேதி வாங்கிவிடு, மச்சான். அங்கே மறுபடி கழற்றச் சொல்வார்கள், கயிறு கட்ட ஆள் வேண்டும். குக்கரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.