மோர்டனில் ஏறி ரஷ்யாவில் இறங்கியோர்

மூத்த குடிமக்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் வெளியே போய் நாலு இடம் பார்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. உள்ளூராட்சி நடத்தும் கவுன்சிலுக்கும் இல்லை. தெற்கு லண்டனில் அது எந்தக் கவுன்சில் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், தங்களை விட்டுவிட்டார்களே என்று மற்றக் கவுன்சில்கள் மனவருத்தப்படும்.

மோர்டன் தமிழ் மூத்தோர் ஒன்றியத்தின் தலைவர் தில்லையம்பலம். ஒன்றியத்தார் பாரிசுக்குப் போய் ஈபிள் கோபுரத்தை விரலால் பிடிப்பதுபோலப் படம் எடுத்துவிட்டார்கள். சுவிஸ் மலையில் சேலையோடு பனி எறிந்து விளையாடிவிட்டார்கள். லூர்து மாதாவிடம் சைவர்கள் உட்பட எல்லோரும் நேர்த்தி வைத்து முடித்துவிட்டார்கள். இனி, சொன்னவுடன் சனம் மூக்கில் விரல் வைக்கிற ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட இடம் ரஷ்யா என்று தலைவர் தீர்மானித்தார். அதற்கு வழிகாட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

அருள்நேசன் மன்னார்க்காரர். எண்பதுகளில் லெனின்கிராட்டில் பொறியியல் படித்தவர். லண்டனுக்கு வந்த பிறகு, தமிழ்க் குழுக்களை ரஷ்யாவின் பழைய நகரங்களுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதே அவர் தொழிலாக இருந்தது. ரஷ்யா பக்கத்து நாட்டோடு போர் தொடுத்து விமானங்கள் நின்றதும் தொழிலும் நின்றது. இப்போது குரொய்டனில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. மனிதர்களுக்குக் காட்டிய வழியைப் பெட்டிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மெற்றில்டா முதியோர் இல்லமொன்றில் தாதி. கணவர் ஒவ்வொரு முறை ஊரார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகும்போதும் அவளுக்கு ஷிப்ட் இருந்தது. “அடுத்தமுறை உம்மைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போறன்” என்று அவர் சொல்வார். பிறகு அடுத்தமுறை என்று ஒன்றே இல்லாமல் போய்விட்டது.

“அண்ணை, அங்க போகவேண்டாம் எண்டு அரசாங்கமே சொல்லியிருக்கு” என்று அருள்நேசன் தலைவரை எச்சரித்தார்.

“கேட்டுப் பாப்பம் தம்பி. மறுத்தாலும், ரஷ்யாவுக்குக் கேட்டனாங்கள் எண்ட பெருமையாவது மிஞ்சும்.”

கவுன்சில் மறுக்கவில்லை. விண்ணப்பத்தில் ‘நலவாழ்வு’ என்ற சொல் தேவையான அளவுக்கு வந்திருந்ததால், ‘வரலாற்றுச் சிறப்புமிக்க ரஷ்ய நகரங்களை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்தல்’ என்ற திட்டத்துக்கு மனமுவந்து உதவித்தொகை அளித்தது. அளித்த பிறகுதான் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த காப்புறுதிப் பிரிவு அதைப் படித்தது. ரஷ்யாவில் மூத்தோர் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்று ஆணை பிறந்தது.

மூத்தோர் நலவாழ்வு அதிகாரி மாதவன் திருச்சிக்காரர். நல்ல மனிதர், எந்த விதியையும் மீறமாட்டார், எந்த விதியையும் படிக்காமல் விடவும் மாட்டார். தலைவரையும் வழிகாட்டியையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“சார், டூருக்கு அப்ரூவல் இருக்கு. போறதுக்குத்தான் அப்ரூவல் இல்லை.”

“அப்ப இடத்தை மாத்துவம்” என்றார் தில்லையம்பலம். “பிரைற்றனுக்குப் போவம்.”

“அப்ரூவ் ஆன இடத்தை மாத்த முடியாது சார். பிரைட்டனுக்கு நீங்க கேக்கவே இல்லையே.”

“சரி, காசைத் திருப்பித் தாறம்.”

மாதவனின் முகம் கறுத்தது. “திருப்பி வாங்குறதுக்குன்னு ஒரு கமிட்டி இருந்துச்சு. சிக்கனம் பண்றதுக்காக அதைக் கலைச்சுட்டாங்க. இப்போ வாங்கிக்க ஆள் இல்லை. செலவும் பண்ணாம வெச்சிருந்தீங்கன்னா, மூத்தோருக்குத் தேவையே இல்லைன்னு அர்த்தம். அடுத்த வருஷம் யோகா கிளாஸ் கூடக் கிடைக்காது.”

“போகவும் ஏலாது, போகாமல் இருக்கவும் ஏலாது. அப்ப நாங்கள் என்னதான் செய்யிறது?” என்று அருள்நேசன் கேட்டார்.

மாதவன் திட்டத்தின் தலைப்பை மறுபடி வாசித்தார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். பிறகு அவர் முகத்தில், பூச்சியத்தைக் கண்டுபிடித்தவனுக்கு வந்திருக்கக்கூடிய ஓர் ஒளி வந்தது.

“ரஷ்ய நகரங்களைச் சுற்றிப் பார்க்கணும்னு இருக்கு. ரஷ்யாவுக்குப் போகணும்னு எங்கயும் இல்லையே சார்!”

இப்படித்தான் அந்த வரலாற்றுச் சுற்றுலா லண்டனுக்குள்ளேயே நடப்பதென்று முடிவாயிற்று.

அருள்நேசன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். “வாண்ட்ஸ்வேர்த்தைக் காட்டி இதுதான் ரஷ்யா எண்டு சொல்லட்டாம். நான் என்ன கோமாளியோ? நான் மாட்டன்.”

மெற்றில்டா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். “இஞ்சருங்கோ, அந்த ஊரைப் பற்றி உங்களிட்ட ஒருத்தர் கேட்டு எவ்வளவு காலம்?”

அவர் எறிந்த சப்பாத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

“நீங்கள் வாய் திறந்து கதைச்சே கனகாலம். நானும் லீவு எடுக்கிறன். எனக்கெண்டு நினைச்சுச் சொல்லுங்கோ. நான் கேக்கிறன்.”

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

பயணத்துக்கு முன்பாக அபாய மதிப்பீடு செய்யப்பட்டது. போகும் இடம் ரஷ்யா என்பதால் உறைபனிக் கடி, வழுக்கி விழுதல், கரடி ஆகிய மூன்றும் கவனத்தில் எடுக்கப்பட்டன. ஆகவே மூத்தோர் அனைவரும் மயிர்த்தொப்பியும் தடித்த கோட்டும் அணிய வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. அது யூலை மாதம். லண்டனில் தார் உருகுகிற வெயில். ஆனால் வானிலை மாறினால் மாறலாம், விதி மாறாது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மோர்டன் நிலையத்தடியில் கோச் வந்து நின்றது. கோட்டும் தொப்பியுமாக மூத்தோர் ஏறினார்கள். ஓட்டுநர் இவர்களைப் பார்த்துவிட்டு ஏசியைப் போடக் கை நீட்டினார். மாதவன் தடுத்தார்.

முதலில் மிச்சம் கொமன் என்ற பொதுத் திடல். வாத்துகள் மேயும் புல்வெளியில் எல்லோரையும் இறக்கி, அருள்நேசன் தொண்டையைச் செருமினார். “இது... இதை நீங்கள் சுஸ்தால் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. மிகப் பழைய நகரம். புல்வெளிக்கு நடுவில பார்க்கிற பக்கமெல்லாம் தேவாலயம். வெங்காயம் மாதிரிக் கோபுரங்கள். வெள்ளரிக்காய்க்குப் பேர்போன ஊர்.”

போலந்துக் கடையில் வாங்கிவந்த வெள்ளரி ஊறுகாய் பரிமாறப்பட்டது.

“தேவாலயம் எங்க?” என்றார் பியற்றிஸ் ரீச்சர். ஒன்றியத்தின் பொருளாளர், எதையும் கண்ணால் கண்டால்தான் நம்புவார்.

“திருத்த வேலைக்கு மூடியிருக்குதாம்” என்று தில்லையம்பலம் முந்திக்கொண்டார். ஐரோப்பா முழுக்கச் சுற்றியவர்களுக்கு அந்தப் பதில் பழகிப்போனது. ரீச்சர் திருப்தியடைந்து இன்னொரு வெள்ளரிக்காய் எடுத்தார்.

அடுத்தது வாண்ட்ஸ்வேர்த். வாண்டில் ஆறு தேம்ஸில் விழுகிற மூலையில், குப்பைகளைப் படகில் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அருள்நேசன் யாரொஸ்லாவ்லைக் காட்டினார். அங்கேயும் இப்படித்தான் சிறிய ஆறொன்று பெரிய வோல்காவில் வந்து சேர்கிறது. அந்த முனையில்தான் நகரம் பிறந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசியதில் அவர் குரல் மெல்ல மாறிவிட்டது. கையால் மதில் எழுப்பினார், கோபுரம் வைத்தார், மணி அடித்தார். சனம் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டே வாய் பிளந்து கேட்டது.

ஓட்டப்பயிற்சிக்குப் போன ஒரு வெள்ளைக்காரன் இவர்களை விலத்திக்கொண்டு ஓடினான். “பாத்தீங்களோ, ஒரு சிரிப்பில்லை” என்றார் பியற்றிஸ் ரீச்சர். “ரஷ்யன் சனம் இப்பிடித்தான் எண்டு கேள்விப்பட்டனான்.”

மாதவன் தன் தொலைபேசியைப் பார்த்துக் கேட்டார். “சார், யாரொஸ்லாவ்ல் முடிஞ்சுதா? டிக் போட்டுடலாமா?”

“முடிஞ்சுது” என்றார் தில்லையம்பலம், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. “ஆனா சுஸ்தால் அளவுக்கு வராது.”

பின்னேரம் தேம்ஸ் ஆற்றுப் பாலமான ரவர் பிரிட்ஜ் அருகே கோச் நின்றது. அருள்நேசன் இப்போது, தான் படித்த லெனின்கிராட்டாகிய சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்தார். கோடையில் சூரியன் முழுதாக மறையாத நாட்களைச் சொன்னார். கப்பல்களுக்கு வழிவிட நேவா ஆற்றுப் பாலங்கள் இரண்டாகப் பிளந்து எழுவதைச் சொன்னார். பாலம் திறந்த பிறகு அக்கரையில் அகப்பட்டுக்கொண்டால் விடியும்வரை விடுதிக்குத் திரும்ப ஏலாது என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி ஒலித்தது, வாகனங்கள் நின்றன, எதிரே பாலம் இரண்டாகப் பிளந்து மெதுவாக மேலே எழுந்தது.

மயிர்த்தொப்பிகள் எல்லாம் மேலே நிமிர்ந்தன. மாதவன்கூடத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அருள்நேசன் சொல்வதை நிறுத்திவிட்டுப் பாலத்தையே பார்த்தார். மெற்றில்டா கிட்ட வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“வடிவாய்த்தான் இருக்கு” என்றாள். “உண்மையானது இன்னும் வடிவாய் இருக்கும், என்ன?”

“ஓம். ஒருநாளைக்குப் போவம்” என்றார் அவர்.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் உதவித்தொகை பெற்ற எந்தக் காரியமும் அது நடந்ததோடு முடிவதில்லை.

மயிர்த்தொப்பிப் படங்கள் முகநூலில் ஏறின. எந்த இடம் என்று யாரும் பொய் எழுதவில்லை. யாரும் எதையுமே எழுதவில்லை. கேட்டவர்களுக்கு, “ரஷ்யா ரூர்” என்று மட்டும் பணிவாகச் சொன்னார்கள். அதுவும் உண்மைதானே. தில்லையம்பலம் தமிழ்ப் பாடசாலையில் ‘ரஷ்யப் பண்பாடும் எமது முழங்கால் வலியும்’ என்று சொற்பொழிவாற்றினார். பியற்றிஸ் ரீச்சர், அங்கே தேத்தண்ணீர் சரியில்லை என்று ஊரெல்லாம் முறையிட்டார். வெம்பிளிக் கடைகளில் சேலைகளுக்கு நடுவே மயிர்த்தொப்பி தொங்கத் தொடங்கியது. விசா இல்லை, விமானப் புகை இல்லை, கரடிக் கடியும் இல்லை என்று கவுன்சிலுக்கு ஒரு புத்தாக்க விருது கிடைத்தது. ‘மூத்தோர் ரஷ்யாவைக் கண்டனர்’ என்று அதன் இணையத்தளத்தில் படத்தோடு செய்தி வந்தது.

அந்தச் செய்தியைத் தில்லையம்பலத்தின் பயணக் காப்புறுதிக் கம்பனியும் படித்தது.

அவருக்கு ரொறன்ரோவில் பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றம். தடைசெய்யப்பட்ட நாடுகளுக்கு அண்மையில் போனீர்களா என்று கம்பனி கேட்டது. இல்லை என்று அவர் உண்மையைச் சொன்னார். உண்மை சொன்னதற்காக அவருடைய காப்புறுதி மறுக்கப்பட்டது. இருதய நோயாளி காப்புறுதி இல்லாமல் விமானம் ஏறக்கூடாதென்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர் மாதவனிடம் ஓடினார்.

“தம்பி, நான் ரஷ்யாவுக்குப் போகேல்லை எண்டு ஒரு கடிதம் தாரும்.”

“போனவங்களுக்குத்தான் சார் லெட்டர் கொடுக்க முடியும். போகாதவங்க உலகம் பூரா இருக்காங்களே.” மாதவன் யோசித்தார். “ஒண்ணு பண்ணலாம். டூர் முழுக்க லண்டன்லதான் நடந்துச்சுன்னு உங்க ஒன்றியமே தீர்மானம் போடட்டும். அதை வெப்சைட்ல போட்டு, விருதையும் திருப்பிக் கொடுத்துடறோம். ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சுடும் சார்.”

தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் கூட்டம் கூடியது. மாதவன் பார்வையாளராக வந்து பின்வரிசையில் அமர்ந்தார். தலைவரின் நிலைமையை அருள்நேசன் எழுந்து விளக்கினார். ஒரு பிள்ளையின் அரங்கேற்றம் என்றார். நாங்கள் மோர்டனில் ஏறி மோர்டனிலேயே இறங்கினோம் என்று சொல்வதில் வெட்கம் என்ன என்று கேட்டார்.

“அதுசரி, இனி நான் எந்த முகத்தோட சனத்திட்டப் போய் நிக்கிறது?” என்றார் பியற்றிஸ் ரீச்சர். “என்ர சம்பந்தி வீட்டுக்கு யாரொஸ்லாவ்ல் மட்டும் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினனான்.”

“நாங்கள் ரஷ்யாவுக்குப் போகேல்லை எண்டு ஒப்புக்கொள்ளுறவை கையை உயர்த்துங்கோ” என்று அறிவிக்கப்பட்டது.

மெற்றில்டா உயர்த்தினாள். அருள்நேசன் உயர்த்தினார். மண்டபம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தில்லையம்பலத்தின் கை பாதிவரை எழுந்தது. சுற்றிவரப் பார்த்தார். எழுந்த கை அப்படியே கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு மடிக்குத் திரும்பியது.

ஆகவே ஒன்றியத்தார் ரஷ்யாவுக்குப் போனது பெரும்பான்மை வாக்குகளால் உறுதிப்படுத்தப்பட்டது. பேத்தியின் அரங்கேற்றத்தைத் தில்லையம்பலம் தொலைபேசியில் பார்த்தார். ஏன் வரவில்லை என்று கேட்ட உறவினர்களுக்கு, “அரசியல் பிரச்சினை. விரிவாய்க் கதைக்க ஏலாது” என்றார். அவருடைய மதிப்பு மேலும் உயர்ந்தது.

அடுத்த வருடம் கவுன்சில் ரஷ்யச் சுற்றுலாவை இன்னும் பெரிதாக நடத்த விரும்பியது. அருள்நேசன் மறுபடி வழிகாட்டியாக வரச் சம்மதித்தார். மாதவன் சங்கடத்தோடு நெளிந்தார்.

“கைடு ரஷ்யாவுக்குப் போயிருக்கணும்னு புது ரூல் வந்திருக்கு சார்.”

“நான் அங்க ஏழு வருசம் இருந்தனான் தம்பி.”

“போகலைன்னு நீங்களே கை தூக்கினீங்களே. மினிட்ஸ்ல இருக்கு. நானே பாத்தேன்.” பிறகு ஆறுதலாகச் சொன்னார்: “ஆனா, இதுவரைக்கும் ரஷ்யா பாக்காதவங்களுக்கு இந்த வருஷம் முன்னுரிமை. உங்களுக்கும் மேடத்துக்கும் முன் சீட் கண்டிப்பா உண்டு.”

அப்படித்தான் அடுத்த யூலையில் அருள்நேசனும் மெற்றில்டாவும் மயிர்த்தொப்பியோடு முன்வரிசையில் இருந்தார்கள். மைக்கைப் பிடித்தவர் தில்லையம்பலம். வாண்ட்ஸ்வேர்த்தில், குப்பைப் படகுக்குப் பக்கத்தில் கோச்சை நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே இரண்டு ஆறுகள் சேரும் முனையைக் காட்டி, “இதுதான் சுஸ்தால். இந்தப் பெரிய ஆறு நேவா” என்றார்.

அருள்நேசனால் பொறுக்க முடியவில்லை. “அண்ணை, சுஸ்தாலில நேவா இல்லை. இது யாரொஸ்லாவ்ல், ஆறு வோல்கா.”

கோச் முழுவதும் அவரையே பார்த்தது. தில்லையம்பலம் மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அறியாதவர்மேல் வருகிற இரக்கம்தான் இருந்தது.

“தம்பி, போய்ப் பாக்காதவை கொஞ்சம் பேசாமல் இருங்கோ.”

எல்லோரும் கை தட்டினார்கள்.