தொப்பி வைச்ச சுவெற்றர்

அண்டைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போய் ஒரு சுவெற்றர் வாங்கிறது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு மார்கழி. நந்திக்கடலில இறால் படுற காலம். விடிய வெள்ளனத் தண்ணிக்குள்ள நிண்டு நிண்டு எனக்கு இருமல் பிடிச்சிட்டுது. மருந்தெடுக்கப் போன இடத்தில மருந்து ஐயா நெஞ்சில குழலை வைச்சுப் பாத்திட்டு, தலையையும் நெஞ்சையும் மூடாமல் இனி இறங்கினால் ஆளைக் கட்டிலில போடும் எண்டு சொல்லிப்போட்டார்.

என்ர மனிசி திரேசா அண்டைக்கே வலையைத் தூக்கி முகட்டில சொருகிப்போட்டா.

"சுவெற்றர் வந்தால் வலை கீழ வரும்," எண்டா.

சந்தையில ராமையா அண்ணை சாக்கு விரிச்சு வெளிநாட்டுப் பழைய உடுப்பு விக்கிறவர். மலைநாட்டில தேயிலைத் தோட்டத்தில பிறந்து வளந்து, பிறகு இஞ்சால வந்து காடு வெட்டிக் காணி ஆக்கினவர். எங்கட பக்கத்தில உண்மையான குளிரைக் கண்ட ஆள் அவர் ஒருத்தர்தான். அந்த நம்பிக்கையில அவரிட்டப் போனனான்.

முதல் எடுத்ததுக்கு ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. ரெண்டாவது நல்ல தடிப்பு. ஆனால் நனைஞ்சால் என்னையும் இழுத்துக்கொண்டு அடிக்குப் போயிடும் போல கிடந்தது. மூண்டாவது கடல்நீலம். தொப்பியும் சேத்துத் தைச்சிருந்தது. பொத்தான் இல்லை, திறப்பும் இல்லை. கீழால பூந்து மேலால வரவேணும்.

பூந்தன். தலை சட்டைக் கைக்குள்ள போயிட்டுது.

ராமையா அண்ணை ஒரு பக்கம் இழுத்தார். பக்கத்தில மரக்கறி விக்கிற அக்கா மற்றப் பக்கம் இழுத்தா. உள்ளுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. வெளியில அக்கா பிள்ளைப்பேறு பாக்கிற மாதிரி, "தலை தெரியுது, தலை தெரியுது," எண்டு சொல்லுறது மட்டும் கேக்குது.

ஒருமாதிரி வெளியால வந்தன். தொப்பி நெஞ்சில தொங்குது. பொக்கற் முதுகில கிடக்குது.

தொப்பி ஏன் முன்னுக்கு எண்டு கேட்டன். ராமையா அண்ணை தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"சளி நெஞ்சுலதானே புடிக்குது? முதுகுலயா புடிக்குது? அதான் வெள்ளைக்காரன் நெஞ்சுக்கு ரெண்டு மடிப்பு வச்சிருக்கான்."

சரியாத்தான் பட்டுது. அப்ப முதுகில பொக்கற் என்னத்துக்கு எண்டன். தோட்டத்தில துரைமார் பின்னால கை கட்டித்தான் நடப்பினமாம், அந்தக் கைக்குக் குளிராமல் இருக்கத்தானாம். வைச்சுப் பாத்தன். ரெண்டு கையும் அளவெடுத்த மாதிரிப் போய் இருந்தது. அந்த இடத்திலயே வாங்கிப்போட்டன்.

அக்காவிட்ட வெங்காயமும் வாங்கினன். என்ர கை ரெண்டும் முதுகில கிடந்தபடியால், அவா வெங்காயத்தை நெஞ்சுத் தொப்பிக்குள்ள கொட்டிவிட்டா. துரை மாதிரி பஸ்ஸுக்கு நடந்தன்.

பஸ் வர மழையும் வந்துது. மண்டை நனையப்படாது எண்டு தொப்பியை இழுத்து மூடினன். முழு வெங்காயமும் முகத்தில விழுந்து பஸ்ஸுக்குக் கீழ உருண்டுது. ஒண்டும் தெரியேல்லை. படியைக் காலால தடவினன். கொண்டக்டர் கையைப் பிடிச்சு ஏத்தி, கண் தெரியாத மனுசன், ஆராவது எழும்பி இடம் குடுங்கோ எண்டு சொன்னார்.

எனக்கு உண்மையைச் சொல்ல வெக்கம். இருந்திட்டன்.

பக்கத்தில இருந்தவர் தொப்பியை மெல்லத் தூக்கிப் பாத்தார். எங்கட கோயில் சுவாமியார். றோமாபுரியில படிச்ச மனுசன்.

"சவரிமுத்து, இதைப் பின்பக்கம் முன்னுக்குப் போட்டிருக்கிறாய் மகன்," எண்டார்.

கழட்டினால் திரும்பவும் தலை அதுக்குள்ளால போகவேணும் எண்ட பயத்தில, கழட்டாமலே திருப்பப் பாத்தன். கை ரெண்டையும் உள்ளுக்கு இழுத்து ஒரு சுத்துச் சுத்தினன். அது பாதியில இறுகி, தொப்பியும் முகத்தை மூடிப்போச்சு. கையும் வெளியில வராது, சட்டையும் திரும்பாது. சுவாமியார் இழுத்துப் பாத்தார். கொண்டக்டர் இழுத்துப் பாத்தார். கடைசியில சுவாமியார்தான் தோளில பிடிச்சு என்னை வீடு மட்டும் கொண்டுவந்து விட்டவர்.

முகம் இல்லாமல், கை இல்லாமல் புருசன் வாறான். பக்கத்தில சுவாமியார் வாறார். திரேசா வாசலிலயே இருந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிட்டா. நான் உள்ளுக்குள்ள இருந்து இருமின பிறகுதான் நிப்பாட்டினவ.

பிறகு கத்தரிக்கோலை எடுத்து, முன்பக்கம் எண்டு நினைச்சுக் கீழயிருந்து மேல ஒரு வெட்டு வெட்டினா. சட்டை பாதி திரும்பி நிண்டபடியால் வெட்டு விழுந்தது விலாப் பக்கம்.

மற்ற நாள் நான் அதைப் பக்கத்தால பூந்து போட்டன். திரேசா என்னைச் சுத்திச் சுத்திப் பாத்தா. தலை மூடியிருந்தது. நெஞ்சு மூடியிருந்தது. விலாவைப் பற்றி மருந்து ஐயா ஒண்டும் சொல்லேல்லைத்தானே. வலையை இறக்கித் தந்தா.

அதுக்குப் பிறகு எனக்கு உடுப்பு வாங்கிறது அவாதான். சந்தைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போறேல்லை, அளவுக்கு என்ர பழைய சேட் ஒண்டைக் கொண்டு போவா. அது கதைக்காதாம், தானாக ஒண்டும் தெரிவு செய்யாதாம்.