அலுமாரி மேலிருந்து தெரிந்த ஆறு

இரண்டு ரூபாய்ப் பாக்கியை வசூலிப்பதற்காக ஒரு முழு வீட்டையே விற்றுக் கொடுத்த மனிதர் இந்த உலகில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியிலிருந்து வெளிவந்த ஒரு வாரப்பத்திரிகையில், வீடு, காணி விற்பனை விளம்பரங்களை எழுதும் வேலை எனக்கு. விளம்பரம் கடனுக்குப் போகும். பணம் கேட்டால் வீட்டுக்காரர் தரகரைக் காட்டுவார், தரகர் வீட்டுக்காரரைக் காட்டுவார். அந்த இருவருக்கும் நடுவே குடையும் கையுமாக நடப்பதற்கென்றே திகனயிலிருந்து வந்து சேர்ந்தவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. அண்ணனைக் காக்கா என்றழைக்கும் முஸ்லிம் வழக்கப்படி, ஊருக்கெல்லாம் அவர் பாக்கிக் காக்கா.

ஒரு ரூபாய்க்காகக் கம்பளைக்கு மூன்று தரம் ரயிலேறினார். டிக்கெட்டுக்கே அதைவிட அதிகம் போயிற்றே என்றேன்.

"அது ரயிலுக்குக் குடுத்த காசு, தங்கச்சி. இது எங்கட காசு."

யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர், எல்லோரையும்போல, "வீடு விக்கட்டும், தாறன்" என்று சொல்லி அனுப்பினார். பிறர் அதை மறுப்பென்று கொள்வார்கள். காக்கா அதை வேலையென்று கொண்டார். பத்தே நாளில் ஆள் பிடித்து வீட்டை விற்று, இரண்டு ரூபாயை வாங்கிக்கொண்டு, நீட்டிய தரகுப் பணத்தைத் தொடாமல் வந்துவிட்டார். தரகர்கள் மூவர் அலுவலகத்துக்கே படையெடுத்தனர்.

"எங்க பொழப்புல மண்ணப் போடுறாருங்க. காசு வாங்கிட்டுப் போட்டாலும் பரவாயில்ல."

அந்த மூவரில் பட்டுச்சால்வை அணிந்தவர்தான் எங்களுக்கு ஆறு மாதப் பாக்கி வைத்திருந்தார். அவர் கொண்டுவந்த மலைச்சரிவு வீடொன்றுக்கு, படித்த இலக்கியத்தையெல்லாம் கொட்டி, "மாடியில் அமர்ந்தவாறே மகாவலியின் வெள்ளிநீர்ப் பெருக்கைக் கண்டு களிக்கலாம்" என்று எழுதியிருந்தேன். அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. வாங்க வந்தவர்கள் மாடியில் அமர்ந்து, பக்கத்து வீட்டுச் சுவரைக் கண்டு, களிக்காமல் திரும்பினார்கள்.

"பொய் விளம்பரத்துக்கு ஒரு சதமும் தரமாட்டேன்" என்றார் தரகர். மாத முடிவுக்குள் அந்தப் பணம் வராவிட்டால் விளம்பரப் பக்கத்தை நிறுத்திவிடுவதாக மனேஜர் அறிவித்தார். பக்கம் நின்றால் என் வேலையும் நின்றுவிடும்.

காக்கா விளம்பரத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மாலையில் முழங்காலில் தூசியோடு திரும்பினார்.

"ஆறு ஈக்குது, தங்கச்சி. மாடியில அலுமாரி ஒண்டு ஈக்கிதானே, அதுக்கு மேல ஏறினாத் தெரியுது."

மறுநாளே கம்பளைப் புடவைக் கடைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். நானும் அந்த வீட்டுக்கு உடன் சென்றேன்; பட்டுச்சால்வைத் தரகரும் அங்கே இருந்தார்.

"கூர ஒழுகுமா, காக்கா?"

"ரெண்டு இடத்தில. வாங்க, காட்டுறேன்."

தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஆறு தெரியும்னு போட்டிருக்கே?"

"தெரியும். ஆனா நீங்க இதுக்கு மேல ஏறோணும்." காக்கா அலுமாரியைத் தட்டிக்காட்டினார்.

கடைக்காரர் அலுமாரியைப் பார்த்தார், தம் தொப்பையைப் பார்த்தார், வெகுநேரம் சிரித்தார். "இவ்வளவு குறைய நீங்களே சொல்லிட்டீங்க. இனி ஒளிக்க என்ன இருக்கு?" என்று அங்கேயே முன்பணம் கொடுத்தார். தரகரின் கை தலையை விட்டு இறங்குமுன் காக்கா எங்கள் பாக்கியை வாங்கிவிட்டார்.

பணத்தை எண்ணி வைத்த மனேஜர், "அந்த ஆற்று வரி யாருடைய கற்பனை?" என்று கேட்டார்.

"நான்தான் செல்லிக் குடுத்தேன்" என்றார் காக்கா.

"நீங்களா? எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம்."

"வெள்ளி... வெள்ளிக்கிழம தண்ணி..." என்று தொடங்கிய காக்கா, இருமத் தொடங்கினார். மனேஜர் என்னை ஒருமுறை பார்த்தார், பேரேட்டை மூடினார்.

கூரை ஒழுகுவதைக்கூட மறைக்கத் தெரியாதவர் அவர்.

அடுத்த வாரத்திலிருந்து, வீட்டைப் பார்க்காமல் நான் எழுத அவர் விடவில்லை. தாமே அழைத்துச் சென்றார். கண்டியில் எல்லா வீடும் மேட்டில்தான். வழியில் எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம், "கொஞ்சம் நில்லுங்க, தங்கச்சி, எனக்கு ஏலாம ஈக்குது" என்று சொல்லி, குடையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார்.